கேம்பர்வேன்ல ராத்திரி தனியா தூங்க பயமா? நியூசிலாந்துல முதல் தடவை போறவங்களுக்கு

இங்க நியூசிலாந்துல கேம்பர்வேன் எடுக்கலாம்னு ஆசைப்படற நம்ம ஆளுங்க நிறைய பேர் கேக்கறது ரூட் பத்தியோ வாடகை பத்தியோ இல்ல, "தனியா எப்படிங்க ராத்திரி தூங்கறது, பயமா இருக்காதா"ன்னு தான். இருக்கும். முதல் ராத்திரி கண்டிப்பா இருக்கும், அதுக்கு நீங்க தைரியம் இல்லாதவங்கன்னு அர்த்தம் கிடையாது. 2016ல அமெரிக்காவுல பிரவுன் யுனிவர்சிட்டில ஒரு ஆராய்ச்சி பண்ணாங்க, புது இடத்துல படுக்கற முதல் ராத்திரி மூளையோட இடது பாதி வலது பாதி அளவுக்கு ஆழமா தூங்கறதில்ல, வித்தியாசமா ஏதாவது சத்தம் கேட்டா டக்குனு எழுப்பி விட அரை முழிப்புல காவல் காக்குதுன்னு பார்த்தாங்க. அதே ஆளுங்க அதே இடத்துல மறுபடி வந்து தூங்கினப்போ அந்த வித்தியாசம் இல்ல. அதனால முதல் ட்ரிப்ல ஒரே இடத்துல ரெண்டு ராத்திரி இருக்கற மாதிரி பிளான் பண்ணுங்க. தினம் ஒரு ஊர்னு ஓடினா உங்க மூளைக்கு தினமும் முதல் ராத்திரி தான்.

அதுக்கும் முன்னாடி சொந்த வேனா இருந்தா வீட்டு டிரைவ்வேலயே ஒரு ராத்திரி படுங்க. வேனுக்குன்னு சில சத்தம் இருக்கு, எஞ்சின் ஆறும்போது டிக் டிக்னு கேக்கும், ஃப்ரிட்ஜ் கம்ப்ரசர் அப்பப்போ ஆன் ஆகி உறுமிட்டு அடங்கும், டீசல் ஹீட்டர் இருந்தா அதோட பம்ப் டக் டக்னு அடிச்சுக்கிட்டே இருக்கும், தண்ணி பம்ப் பிரஷர் குறைஞ்சா நடுராத்திரில திடீர்னு டர்ர்னு ஒரு செகண்ட் ஓடி நிக்கும். இதெல்லாம் வீட்டு வாசல்லயே காதுக்கு பழகிடுச்சுன்னா காட்டுல கேக்கும்போது யாரோ கதவ தொடறாங்கன்னு தோணாது.

அடுத்து ஆள் நடமாட்டம் இருக்கற இடம். ஆக்லாந்துல இருந்தா மாங்கரே பிரிட்ஜ் பக்கத்துல அம்பரி ரீஜனல் பார்க் நல்ல ஆரம்பம், ஆடு மாடு மேயற நிஜமான பண்ணை, சிட்டில இருந்து அரை மணி நேரம் தான், மனசு சரியில்லன்னா வீட்டுக்கு திரும்பிடலாம்ங்கற நினைப்பே பாதி பயத்த குறைச்சிடும். மத்த ஊர்னா ஏதாவது ஒரு ஹாலிடே பார்க், அதாவது காசு கட்டி வேன நிறுத்தற, கிச்சன் பாத்ரூம்லாம் இருக்கற கேம்ப் இடம். அங்க பழகினப்புறம் இயற்கைய பாதுகாக்கற அரசு துறையான டிபார்ட்மென்ட் ஆஃப் கன்சர்வேஷன் நடத்தற கேம்ப்சைட், இங்க எல்லாரும் டாக்னு தான் சொல்வோம். கடைசியா தான் ஃப்ரீடம் கேம்பிங், அதாவது கேம்ப்சைட் இல்லாம, அனுமதி இருக்கற பொது இடத்துல சும்மா நிறுத்தி தூங்கறது. நேரா அதுல போய் குதிக்காதீங்க. முடிஞ்சா டிசம்பர் ஜனவரில ஆரம்பிங்க, அப்போ குவீன்ஸ்டவுன் பக்கம்லாம் ராத்திரி ஒன்பதரை வரைக்கும் வெளிச்சம் இருக்கும், ஆறு மணிக்கு முன்னாடியே விடிஞ்சிடும். ஜூன்ல போனா சாயங்காலம் அஞ்சு மணிக்கே இருட்டிடும், முதல் தடவைக்கு அது ரொம்ப நீளமான ராத்திரி.

எங்க போனாலும் இருட்டறதுக்கு ரெண்டு மணி நேரம் முன்னாடி போய் சேருங்க. இத நான் விட்டே கொடுக்க மாட்டேன். வெளிச்சத்துல ஒரு சுத்து நடந்து டாய்லெட் எங்க, வெளிய போற வழி எந்தப் பக்கம், பக்கத்து வேன்ல யாருன்னு பார்த்துக்கோங்க, ஒரு ஹலோ சொல்லுங்க, பேர் தெரிஞ்ச மனுஷங்க பத்தடி தள்ளி இருக்காங்கன்னா ராத்திரி வேற மாதிரி இருக்கும். தரையயும் பாருங்க. தார்ல வட்ட வட்டமா டயர் தேய்ச்ச தடம், உடைஞ்ச பாட்டில், பீர் கேன்லாம் கிடந்தா வெள்ளி சனி ராத்திரி அங்க பசங்க காரோட கூடற இடம்னு அர்த்தம், யோசிக்காம வேற இடம் பார்த்துடுங்க.

வேன நிறுத்தும்போது மூக்கு வெளிய போற பக்கம் பார்த்து இருக்கணும், ரிவர்ஸ் எடுக்காம அப்படியே கிளம்பற மாதிரி. சாவிக்கு ஒரே இடம், தினமும் அதே இடம், கண்ண மூடிக்கிட்டு கை வைச்சா கிடைக்கணும். டிரைவர் சீட்டுல பை, சட்டை எதையும் போட்டு வைக்காதீங்க. படுக்கைல இருந்து வெளிய இறங்காமலே டிரைவர் சீட்டுக்கு போக முடியற வேனா பார்த்து எடுத்தா இன்னும் நிம்மதி. டாய்லெட் உள்ளயே இருந்தா ரொம்ப நல்லது, 2023ல வந்த சட்டப்படி செல்ஃப் கன்டெய்ன்டு சர்டிஃபிகேட் (தண்ணி, டாய்லெட், கழிவு எல்லாம் வேன்லயே சமாளிக்கலாம்ங்கறதுக்கான சான்று) வாங்கணும்னா டாய்லெட் வேன்ல ஃபிக்ஸ் பண்ணி தான் இருக்கணும், அதனால ரெண்டு மணிக்கு டார்ச் எடுத்துக்கிட்டு இருட்டுல இறங்கற வேலையே இல்ல. திரை எல்லாம் ஓட்டை இல்லாம மூடுங்க. உள்ள லைட் எரிஞ்சா வெளிய இருக்கறவங்களுக்கு உங்க நிழல் தெரியும், உங்களுக்கு கண்ணாடில உங்க முகம் தான் தெரியும், அதனால வெளிய பார்க்கணும்னா முதல்ல லைட்ட அணைங்க.

இப்போ வெளிய கேக்கற சத்தத்துக்கு வரேன், ஏன்னா நிறைய பேர் தூக்கம் போறது இதுல தான். நாமெல்லாம் செருப்ப உதறி போட்டு பழகின ஊர்க்காரங்க, இருட்டுன்னாலே கால் தன்னால பாம்ப தேடும். இந்த நாட்டு காட்டுல பாம்பே கிடையாது. கரடி, சிறுத்தை, ஓநாய் எதுவும் கிடையாது. ஆனா சத்தம் மட்டும் பயங்கரமா இருக்கும். பாசம் (possum)னு ஒரு பிராணி, ரோமத்துக்காக 19ஆம் நூற்றாண்டுல ஆஸ்திரேலியால இருந்து கொண்டு வந்து விட்டது, பூனை அளவு தான் இருக்கும், மரத்து மேல உக்காந்துக்கிட்டு கரகரன்னு மூச்சு வாங்கி செருமும், தெரியாதவங்க வயசான ஆள் யாரோ ஜன்னல் பக்கத்துல நிக்கறாருன்னு சத்தியம் பண்ணுவாங்க. ரூரூன்னு ஒரு சின்ன ஆந்தை, ரெண்டு ரெண்டு சத்தமா தூரத்துல கூப்பிடும், கேட்டு பழகிட்டா அதுவே தாலாட்டு. மார்ச் கடைசி ஏப்ரல்ல போனா ஆண் மான் எல்லாம் ஜோடி தேடி கர்ஜிக்கும், கேட்டா மான்னே நம்ப மாட்டீங்க. சவுத் ஐலண்டு மலைப்பக்கம் விடிகாலைல கூரை மேல யாரோ நடந்து ரப்பர பிய்க்கற மாதிரி இருந்தா அது கீயா கிளி, நிஜமாவே ரப்பர தான் பிய்க்குது, எழுந்து விரட்டுங்க. மவுண்ட் குக் அடிவாரத்துல ஒயிட் ஹார்ஸ் ஹில் கேம்ப்சைட்ல படுத்தீங்கன்னா வானம் தெளிவா இருக்கும்போதே இடி மாதிரி கேக்கும், அது எதிர் மலைல ஐஸ் சரியற சத்தம். போறதுக்கு முன்னாடி யூடியூப்ல பாசம், ரூரூ, மான் மூணையும் பகல்ல போட்டு கேளுங்க. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்னு சொல்வாங்களே, காதுக்கும் அது தான், என்ன சத்தம்னு தெரிஞ்சா அடங்கிடும்.

நிஜமா பயப்பட வேண்டியது வேற. குளிருதுன்னு கேஸ் அடுப்ப எரிய விட்டு ஜன்னல எல்லாம் அடைச்சுக்கிட்டு படுக்கவே கூடாது, கார்பன் மோனாக்ஸைடுக்கு வாசனையும் கிடையாது நிறமும் கிடையாது, தூக்கத்துலயே ஆள கொன்னுடும். அலாரம் இருக்கா, பேட்டரி இருக்கான்னு பட்டன அழுத்தி பாருங்க, வென்ட் ஒண்ணு திறந்தே இருக்கட்டும். ஆத்துப்படுகைல நிறுத்தாதீங்க, மலைல மழை பெஞ்சா இங்க தண்ணி ஏறும். கடற்கரைல நிறுத்தினா மேட்டுக்கு போற வழி எதுன்னு வெளிச்சத்துலயே பார்த்து வைங்க. நிலநடுக்கம் நிக்க முடியாத அளவுக்கு பலமா இருந்தாலோ ஒரு நிமிஷத்துக்கு மேல நீடிச்சாலோ சைரனுக்கு காத்திருக்காம உடனே மேட்டுக்கு போயிடணும்.

ஆளுங்க விஷயம். வீட்டுல ஒருத்தர்கிட்ட கேம்ப்சைட் பேரும் வேன் நம்பரும் சொல்லிட்டு, "காலைல எட்டு மணிக்குள்ள மெசேஜ் வரலைன்னா கூப்பிடு"ன்னு பேசி வைங்க, சிக்னல் இல்லாத இடம்னா அதையும் முன்னாடியே சொல்லிடுங்க, இல்லன்னா அம்மா ராத்திரி முழுக்க போன பார்த்துக்கிட்டே உக்காந்திருப்பாங்க. போட்டோ எல்லாம் அந்த இடத்த விட்டு கிளம்பினப்புறம் போடுங்க. யாராவது கதவ தட்டினா பெரும்பாலும் ரேஞ்சரோ கவுன்சில் ஆளோ பர்மிட் பார்க்க வந்திருப்பாங்க, அனுமதி இருக்கற இடத்துல நின்னா உங்களுக்கு ஒண்ணும் இல்ல. அப்பவும் கதவ திறக்கணும்னு அவசியம் இல்ல, ஜன்னல் இடுக்குல பேசி ஐடி காட்ட சொல்லுங்க. ஆபத்துன்னா 111.

இவ்வளவும் பண்ணியும் ரெண்டு மணிக்கு நெஞ்சு படபடன்னு அடிச்சுக்கிட்டா எழுந்து உக்காந்து தண்ணி குடிங்க, மூச்ச உள்ள இழுக்கறத விட வெளிய விடறத நீளமா விடுங்க, நாலு எண்ணி இழுத்து ஆறு ஏழு எண்ணி விடுங்க, அஞ்சு நிமிஷத்துல உடம்பு இறங்கி வரும். இறங்கலையா, இடமே சரியில்லன்னு தோணுதா, கிளம்பிடுங்க. சரியான காரணம் இருக்கான்னு உங்களுக்கு நீங்களே நிரூபிக்க வேண்டாம். ஆனா எங்க போறதுன்னு அப்போ தேடாதீங்க, சாயங்காலமே ரெண்டாவது இடம் ஒண்ண, லைட் எரியற 24 மணி நேர பெட்ரோல் ஸ்டேஷனோ பக்கத்து ஹாலிடே பார்க்கோ, மேப்ல ஆஃப்லைன்ல சேவ் பண்ணி வைங்க. கேஸ அணைங்க, ஜன்னல், கூரை வென்ட், வெளிப்படி எல்லாம் மூடியிருக்கான்னு பாருங்க, பாத்திரத்த சிங்க்ல போடுங்க, அப்புறம் வண்டிய எடுங்க.