ஜப்பான் பேஸா, இந்தோனேசியா பேஸா: காதால் கேட்டுப் பிரிப்பது எப்படி

வேலூரில் ஆர்கெஸ்ட்ராக்காரர்களோ சர்ச் கொயரில் வாசிக்கிறவர்களோ நாலு பேர் சேர்ந்தால் பேஸ் கிடாரைப் பற்றி இந்தப் பேச்சு வராமல் இருக்காது: "ஜப்பான் பேஸ்னா சவுண்டே தனி", "மெக்சிகோவுல அந்த அடி வராது", "இந்தோனேசியாவா, சும்மா கத்துக்க ஓகே". சொல்கிறவர் எந்த இரண்டை வைத்து ஒப்பிட்டார் என்று கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் ஒன்று அவருடையது, சமீபத்தில் ஸ்ட்ரிங் மாற்றியது. இன்னொன்று சர்ச் மூலையில் கிடப்பது, வாங்கிய நாளில் இருந்த ஸ்ட்ரிங் அப்படியே கறுத்துப்போயிருக்கும். அவர் கேட்டது நாட்டை இல்லை, ஸ்ட்ரிங்கின் வயதை. நாடு கேட்கிறதா இல்லையா என்று தெரிய வேண்டுமானால் மற்றதை எல்லாம் சமமாக்கிவிட்டுத்தான் கேட்க வேண்டும். அதற்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியமும் பொறுமையான ஒரு நண்பரும் போதும்.

முதலில் கையில் இருப்பது எந்த நாட்டுப் பேஸ் என்று உறுதி செய்துகொள்ளுங்கள். ஹெட்ஸ்டாக்கின் (ட்யூனிங் சாவிகள் இருக்கும் தலைப்பகுதி) பின்பக்கமோ நெக்கின் அடியிலோ சீரியல் நம்பர் இருக்கும். ஃபெண்டர் கம்பெனியில் சீரியல் யுஎஸ் என்று தொடங்கினால் அமெரிக்கா, எம்எக்ஸ் என்றால் மெக்சிகோ. பழைய மெக்சிகோ என்றால் எம்என் (தொண்ணூறுகள்), எம்இசட் (2000-க்குப் பிறகு). ஃபெண்டரின் விலை குறைந்த பிராண்டான ஸ்க்வயரில் ஐசிஎஸ் என்றால் இந்தோனேசியா, சிஒய் என்றால் சீனா. கம்பெனிப் பெயரை மட்டும் வைத்து நாட்டைச் சொல்ல முடியாது. ஐபனேஸில் பிரெஸ்டீஜ் வரிசை ஜப்பானில் செய்வது, பிரீமியம் இந்தோனேசியாவில் செய்வது. யமஹா பிபி வரிசையிலும் அப்படித்தான், பிபிபி34 ஜப்பான், பிபி434 இந்தோனேசியா. ஃபெண்டரின் அமெரிக்க ஆலை கலிபோர்னியாவில் கொரோனா என்ற ஊரில், மெக்சிகோ ஆலை என்செனாடாவில். காலையில் லாரி கிளம்பினால் பொழுது சாய்வதற்குள் போய்ச் சேரும் தூரம்தான், நடுவில் ஓர் எல்லைக்கோடு. இன்னொன்று, இன்று பலரும் மட்டமாகப் பேசும் ஸ்க்வயர் கிடார் 1982-இல் முதலில் வந்தது ஜப்பானிலிருந்துதான். அந்தக் காலத்து ஜேவி சீரியல் பேஸுக்கு இப்போது விலை கேட்டால் மயக்கம் வரும்.

சரி, ஒப்பிடுவதற்கு எதை எதோடு சேர்ப்பது? இனத்தை இனத்தோடு. பிரிசிஷன் பேஸை ஜாஸ் பேஸோடு (பிக்கப் அமைப்பு வேறான இரண்டு மாடல்கள்) வைத்துவிட்டு "மெக்சிகோ நல்லா இருக்கு" என்று சொன்னால் அது பிக்கப்பை, அதாவது ஸ்ட்ரிங்கின் அதிர்வைச் சிக்னலாக்கும் காந்தச் சுருளைப் பற்றிய தீர்ப்பு. ஜாஸிலும் ஒரு பொடி விஷயம் உண்டு: எழுபதுகளின் மாடலில் பிரிட்ஜ் (பாடியில் ஸ்ட்ரிங்கின் முனையைத் தாங்கும் பகுதி) பக்கத்துப் பிக்கப்பை சுமார் 10 மி.மீ. பிரிட்ஜை நோக்கித் தள்ளி வைத்தார்கள், அதனாலேயே சத்தம் இன்னும் இறுக்கமாகவும் மூக்கடைத்த மாதிரியும் மாறும். ஆகவே ஸ்டீல் ஸ்கேலை எடுத்து இரண்டிலும் பிரிட்ஜிலிருந்து பிக்கப் வரை அளந்து பாருங்கள். 9 வோல்ட் பேட்டரி போடும் ஆக்டிவ் பேஸை பேட்டரி இல்லாத பாஸிவோடு ஒப்பிடவே வேண்டாம், நாப் எல்லாம் நடுவில் இருந்தாலும் உள்ளே இருக்கும் ப்ரீஆம்ப் தன் நிறத்தைக் காட்டிவிடும். நம்ம ஊரில் பேஸ் கிடைப்பது பெரிய பாடு இல்லை. காட்பாடிப் பக்கம் விஐடி மாணவர்கள் கையில் விதவிதமாக இருக்கும், படிப்பு முடிந்து ஊருக்குப் போகும்போது விற்றுவிட்டும் போவார்கள். சர்ச்சில் ஒன்று, ஆர்கெஸ்ட்ரா அண்ணன் ஒருவரிடம் ஒன்று, ஒரு நாள் கேட்டால் யாரும் இல்லை என்று சொல்லமாட்டார்கள், புது ஸ்ட்ரிங் போட்டுத் திருப்பித் தருகிறேன் என்றால் இன்னும் சந்தோஷமாகத் தருவார்கள்.

ஸ்ட்ரிங்தான் இந்த வேலையின் முக்கால் பங்கு. எல்லாப் பேஸுக்கும் ஒரே கம்பெனி, ஒரே வகை, ஒரே தடிமன். 45 முதல் 105 வரையான (அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்குக் கணக்கு) நிக்கல் ரவுண்ட்வவுண்ட், அதாவது உருண்டைக் கம்பி சுற்றிய ஸ்ட்ரிங் போதும். எல்லாவற்றையும் ஒரே நாளில் மாட்டுங்கள். மாட்டிய கையோடு நன்றாக இழுத்து விட்டு, ட்யூன் செய்து, மறுபடி இழுத்து, ட்யூன் நிற்கும்வரை இதைச் செய்யுங்கள். புது ரவுண்ட்வவுண்டில் ஒரு கணீர் இருக்கும், சித்திரை வெயிலில் வியர்த்த கையோடு ரெண்டு கச்சேரி வாசித்தால் அது போய்விடும், அதனால் ஒன்றில் முந்தாநாள் மாட்டி வாசித்துவிட்டு இன்னொன்றில் இன்று மாட்டினாலும் கணக்கு தப்பு. செலவு ஆகத்தான் செய்யும். ஆனால் ஐம்பதாயிரம் கொடுத்து வாங்கலாமா என்று யோசிக்கிறவர் இரண்டு செட் ஸ்ட்ரிங்குக்குக் கணக்குப் பார்ப்பதில் அர்த்தமே இல்லை.

அடுத்து செட்டப். பேஸ்கள் எல்லாம் முதல் நாளே வந்து ஒரே அறையில் ஒரு ராத்திரி இருக்கட்டும். ஏசி ஹாஸ்டல் ரூமிலிருந்து வந்ததும் ஷீட் போட்ட மொட்டைமாடி அறையிலிருந்து வந்ததும் ஒரே மாதிரி வளைந்திருக்காது. மே மாதம் இங்கே 40 டிகிரியைத் தாண்டும்போது நெக் என்னவெல்லாம் ஆட்டம் ஆடும் என்று வாசிக்கிறவர்களுக்குத் தெரியும். மறுநாள் ஈ ஸ்ட்ரிங்கை முதல் ஃபிரெட்டிலும் (நெக்கின் குறுக்கே பதித்த உலோகக் கம்பி) கடைசி ஃபிரெட்டிலும் அழுத்திப் பிடித்து, நடுவில் ஏழாவது எட்டாவது ஃபிரெட்டுக்கு மேல் இடைவெளியைப் பாருங்கள்: ஒரு விசிட்டிங் கார்டு உரசிக்கொண்டு நுழைந்தால் சரி. இல்லையென்றால் ட்ரஸ் ராடை (நெக்கின் உள்ளே அதன் வளைவைச் சரிசெய்யும் கம்பி) கால் சுற்று மட்டும் திருப்பி, கொஞ்ச நேரம் விட்டு மறுபடி பாருங்கள். இரவல் பேஸ் என்றால் உரியவரிடம் கேட்டுவிட்டுத் தொடுங்கள். பன்னிரண்டாவது ஃபிரெட்டில் ஸ்ட்ரிங்கின் உயரம் எல்லாவற்றிலும் 2 மி.மீ. அளவுக்கு ஒன்றாக இருக்கட்டும். அப்புறம் பலரும் மறந்துவிடும் ஒன்று, பிக்கப் உயரம். கடைசி ஃபிரெட்டை அழுத்திக்கொண்டு தடித்த ஸ்ட்ரிங் பக்கம் 3 மி.மீ., மெல்லிய பக்கம் 2.5 மி.மீ. என்று வைத்துத் தொடங்குங்கள். பிக்கப் ஒரு மில்லிமீட்டர் ஏறியிருந்தாலே அந்தப் பேஸ் "பவர்ஃபுல்" ஆகிவிடும், அதில் ஜப்பானுக்கு ஒரு பங்கும் இல்லை.

ரெக்கார்டிங்குக்கு ஆம்ப்ளிஃபயர் வேண்டாம், கம்ப்யூட்டரோடு இணைக்கும் ஆடியோ இன்டர்ஃபேஸில் கிடாருக்கென்று இருக்கும் ஹை-இசட் ஓட்டையில் நேராகச் சொருகுங்கள். கேபிள் ஒன்றேதான், மாற்றக்கூடாது. வால்யூம், டோன் எல்லாம் முழுதாகத் திறந்து. ஜாஸ் என்றால் இரண்டு வால்யூமும் முழுதாக இருக்க வேண்டும். அப்போதுதான் இரண்டு பிக்கப்பும் ஒன்றின் இரைச்சலை ஒன்று அடக்கும், இல்லையென்றால் எர்த் சரியில்லாத வீட்டில் 'ம்ம்ம்' என்ற ஹம் தான் முன்னால் நிற்கும். எல்லாவற்றையும் ஒரே ஆள் வாசிக்க வேண்டும், தட்டுகிற விரல் வைக்கிற இடத்தில் ஒரு சின்ன டேப் ஒட்டி அடையாளம் வைத்துக்கொள்ளுங்கள்.

என்ன வாசிப்பது? முதலில் நாலு ஸ்ட்ரிங்கையும் ஒவ்வொன்றாகத் தட்டி, சத்தம் தானாக அடங்கும்வரை விடுங்கள். பிறகு ஜி ஸ்ட்ரிங்கில் முதல் ஃபிரெட்டிலிருந்து பன்னிரண்டு வரை ஒவ்வொரு நோட்டாக, அவசரம் இல்லாமல். ஐந்து, ஆறு, ஏழு பக்கம் வரும்போது ஏதோ ஒரு நோட் மட்டும் சட்டென்று அடங்கிவிடும், அதைத்தான் டெட் ஸ்பாட் என்கிறோம்; அந்த இடத்தில் ஸ்ட்ரிங்கின் அதிர்வை நெக் வாங்கிக்கொள்கிறது. இது அமெரிக்கப் பேஸிலும் வரும், சீனப் பேஸிலும் வரும், ஒரே நாளில் ஒரே ஆலையில் செய்த இரண்டில் ஒன்றில் வந்து ஒன்றில் வராமலும் போகும். நெக் என்பது மரம், மரத்துக்கு மரம் வேறு. கடைசியாக மெட்ரோனோம் வைத்து ஒரு மெதுவான குரூவ், ஒரு நிமிஷம் போதும்.

ஃபைல்களின் சத்தத்தைச் சமப்படுத்தாமல் கேட்டால் இதுவரை செய்தது எல்லாம் வீண். ஒன்று கொஞ்சம் சத்தமாக இருந்தாலே காது அதைத்தான் நல்லது என்று சொல்லும். ஆடாசிட்டி என்ற சாஃப்ட்வேரில் லவுட்னஸ் நார்மலைசேஷன் என்று இருக்கிறது, எல்லாவற்றுக்கும் ஒரே அளவு போடுங்கள். பிறகு ஃபைல்களை நண்பரிடம் கொடுத்து பெயர் மாற்றச் சொல்லுங்கள்: ஆற்காடு, ஆம்பூர், குடியாத்தம் என்று எதுவும் வைக்கட்டும். இதில் ஒரு குசும்பு உண்டு. ஏதோ ஒரு ஃபைலை இரண்டு பெயரில் இரண்டு தடவை வைக்கச் சொல்லுங்கள், எது என்று உங்களுக்குத் தெரியக்கூடாது. நீங்கள் கேட்டுவிட்டு "ஆற்காட்டில் அடி கனம், ஆம்பூர் சப்பை" என்று எழுதி, அப்புறம் இரண்டும் ஒரே ஃபைல் என்று தெரிந்தால், மீதிக் குறிப்புகளையும் எவ்வளவு நம்பலாம் என்று தெரிந்துவிடும். ஹெட்ஃபோனில் கேளுங்கள். ஈ ஸ்ட்ரிங்கின் அடிநாதம் 41 ஹெர்ட்ஸ், போன் ஸ்பீக்கருக்கு அது எட்டாத ஆழம். தனியாகக் கேட்ட பிறகு ட்ரம்ஸ், கீபோர்டோடு சேர்த்து ஒரு தடவை கேளுங்கள், தனியாகக் கேட்டபோது பெரிதாகத் தெரிந்த வித்தியாசத்தில் பாதி அங்கே காணாமல் போகும்.

மிஞ்சுகிற வித்தியாசம் என்ன? என் காதுக்கு அது முக்கால்வாசி பிக்கப்பின் காந்தம். குறைந்த விலைப் பேஸில் செராமிக், கூடின விலையில் அல்னிகோ. செராமிக் கொஞ்சம் கூர்மையாக, முன்னால் வந்து நிற்கும், அல்னிகோ உருண்டையாக இருக்கும். ஸ்க்வயரில் அஃபினிட்டி வரிசைக்குச் செராமிக், கிளாசிக் வைப் வரிசைக்கு அல்னிகோ, இரண்டிலும் ஐசிஎஸ் என்றே சீரியல் இருக்கலாம். நாடு ஒன்று, சத்தம் இரண்டு. விலை கூடிய ஜப்பான் பேஸில் பணம் போகிற இடம் வேறு: ஃபிரெட் ஓரம் கையைக் கிழிக்காது, ட்யூன் நிற்கும், வெயில் காலத்தில் நெக் அதிகம் ஆடாது. இதெல்லாம் ரெக்கார்டிங்கில் கேட்காது, மூன்று மணி நேரக் கச்சேரியில் கைக்குத் தெரியும். கல்யாண மண்டபத்தில் சப்வூஃபர் அலறும்போது எந்த நாடு என்று முன்வரிசைக்கே தெரியப்போவதில்லை, ஸ்டுடியோ வேலைக்குப் போகிறவர் மட்டும் காதை நம்பிச் செலவு செய்யலாம்.

கண்ணைக் கட்டிக்கொண்டு நீங்கள் தேர்ந்தெடுத்தது விலை குறைந்ததாக இருந்தால் அதையே வாங்குங்கள், மிச்சத்தில் நல்ல செட்டப்பும் பிடித்தால் அல்னிகோ பிக்கப்பும் போடுங்கள். செகண்ட் ஹேண்டில் "ஒரிஜினல் ஜப்பான்" என்று சொல்லி விலை ஏற்றுகிறவரிடம் சீரியல் நம்பரைப் போட்டோ கேளுங்கள். நேரில் போனால் நெக் ஸ்க்ரூவைக் கழற்றி அடியில் இருக்கும் முத்திரையைப் பார்க்கவும் கேளுங்கள், நெக் ஒரு நாடு பாடி ஒரு நாடு என்று ஒட்டுப்போட்ட பேஸ்களும் சுற்றுகின்றன. கழற்ற மறுத்தால் ஜப்பான் விலை கொடுக்க வேண்டாம்.