அரசின் மீது நம்பிக்கை இழந்தவர்கள் கிராம சபையிலிருந்து தொடங்குவது எப்படி

சில ஆண்டுகளுக்கு முன், அக்டோபர் 3ஆம் தேதி காலையில், எங்கள் ஊராட்சியிலிருந்து ஒருவர் நீளமான பதிவேடு ஒன்றைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வீடு வீடாக வந்தார். நூறு நாள் வேலைக்கான கையெழுத்து என்று அவர் சொன்னதை நம்பி, அம்மா ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு வந்து கையெழுத்திட்டார். பக்கத்தின் தலைப்பை நான் எட்டிப் பார்த்தபோதுதான், அது முந்தைய நாள் நடந்ததாகக் காட்டப்படும் கிராம சபைக் கூட்டத்தின் வருகைப் பதிவு என்று தெரிந்தது. கூட்டத்துக்கு வந்தவர்கள் போதாததால், கூட்டம் செல்லுவதற்கு வேண்டிய குறைந்தபட்ச எண்ணிக்கையை எட்டுவதற்கு வீடுகளிலிருந்து கையெழுத்துத் திரட்டிக்கொண்டிருந்தார்கள். அப்பாவிடம் சொன்னபோது, "எவன் வந்தாலும் இப்படித்தான்" என்று சொல்லிவிட்டு வயலுக்குப் போய்விட்டார்.

அப்பாவின் அந்தச் சொல்லை அறியாமை என்று தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை. தமிழ்நாட்டில் 2016 முதல் 2019 வரை ஊரக உள்ளாட்சித் தேர்தலே நடத்தப்படாமல் அரசு நியமித்த தனி அலுவலர்களைக் கொண்டே ஊராட்சிகள் நடத்தப்பட்டதையும், 2025 ஜனவரியில் பெரும்பாலான மாவட்டங்களில் பதவிக்காலம் முடிந்தபின் அதே ஏற்பாடு திரும்பி வந்ததையும் பார்த்தவருக்கு வேறு என்ன தோன்றும்? உச்ச நீதிமன்றத் தீர்ப்பால் 2013இல் வந்த நோட்டா பொத்தானும் வெறுப்பைப் பதிவு செய்யுமே தவிர, சட்டமன்ற, மக்களவைத் தேர்தல்களில் அது எத்தனை வாக்கு பெற்றாலும், வேட்பாளர்களுள் அதிக வாக்கு பெற்றவரே வெற்றி பெற்றவராவார். ஆகவே வெறுப்பைக் காட்டுவதோடு நின்றுவிடாமல், ஒரு குறிப்பிட்ட பதிவேட்டைக் காட்டினால் மட்டுமே பதில் சொல்ல முடிகிற ஒரு குறிப்பிட்ட கேள்வியாக அதை மாற்றிக்கொள்ள வேண்டும் என்பதே நான் இங்கே சொல்ல வருவது. அதை நம் ஊரிலேயே தொடங்கலாம்.

முதலில் கேள்வியைத் தேர்ந்தெடுங்கள். "ஊராட்சியில் ஊழல் நடக்கிறது" என்று சொன்னால் யாரும் பதில் சொல்ல வேண்டியதில்லை. "நம் தெருக் கழிவுநீர் வாய்க்கால் எத்தனை மீட்டருக்குக் கட்டப்பட்டது, எவ்வளவு செலவானது" என்று கேட்டால் யாரோ ஒருவர் ஒரு புத்தகத்தைத் திறந்தாக வேண்டும். தெருவிளக்கு, மேல்நிலைத் தொட்டி, சுடுகாட்டுப் பாதை, வீடு வழங்கும் திட்டப் பயனாளிகள் பட்டியல் என்று எதுவாகவும் இருக்கட்டும், ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். பத்துக் குறைகளை ஒரே மனுவில் எழுதினால், அவற்றுள் எளிதான ஒன்றுக்குப் பதில் தந்துவிட்டு மற்றவற்றை விட்டுவிடுவார்கள்.

அடுத்து கிராம சபைக்குப் போங்கள். 73ஆவது அரசமைப்புத் திருத்தமும், அதைத் தொடர்ந்த 1994ஆம் ஆண்டுத் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டமும் ஊராட்சியின் வாக்காளர் பட்டியலில் பெயருள்ள ஒவ்வொருவரையும் கிராம சபையின் உறுப்பினர் ஆக்கியுள்ளன. சட்டமன்றத்துக்கு நம் சார்பில் ஒருவரை அனுப்புகிறோம். கிராம சபையிலோ நாமே உறுப்பினர்கள். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய ஆறு நாட்களில் இது கூட வேண்டும். மக்கள்தொகை 500 வரை உள்ள ஊராட்சியில் 50 பேரும், 3,000 வரை 100 பேரும், 10,000 வரை 200 பேரும், அதற்கு மேல் 300 பேரும் வந்திருந்தால்தான் கூட்டம் செல்லும். வீட்டுக்கு வந்து கேட்கப்படும் கையெழுத்தை மறுப்பது சின்னச் செயலாகத் தோன்றலாம்; ஆனால் ஒரு தெருவே மறுத்துவிட்டால், அந்தக் கூட்டத்தை உண்மையாகக் கூட்டுவதைத் தவிர வேறு வழி இருக்காது.

தீர்மானத்தை வாயால் சொல்லிவிட்டு வராதீர்கள். நான்கைந்து வரிகளில் எழுதி, இரண்டு படிகள் எடுத்து, கூட்டத்துக்குச் சில நாள் முன்பே தலைவரிடமோ தனி அலுவலரிடமோ கொடுத்து, ஒன்றில் பெற்றுக்கொண்டதற்கான கையொப்பமும் முத்திரையும் வாங்கிக்கொள்ளுங்கள். கூட்டத்தில் வரவு செலவுக் கணக்கைப் படிக்கும்போது, ஊராட்சிச் செயலர் மொத்தத் தொகையை மட்டும் படித்து முடித்தால், பணி வாரியாகப் படிக்கச் சொல்லிக் கேளுங்கள். கேட்பவர் ஒருவராக இல்லாமல், வேறு வேறு வரிசையில் அமர்ந்திருக்கும் நான்கு பேராக இருப்பது நல்லது. உங்கள் தீர்மானம் பதிவேட்டில் எந்தச் சொற்களில் எழுதப்பட்டது என்பதைப் படித்துப் பார்த்து, அதற்கும் அடுத்த தீர்மானத்துக்கும் நடுவில் வெற்றிடம் விடப்படவில்லை என்று உறுதிசெய்து, அந்தப் பக்கத்தைக் கைப்பேசியில் படம் எடுத்த பிறகே கையெழுத்திடுங்கள். கூட்டத்தைக் கண்காணிக்கப் பற்றாளர் என்று ஓர் அலுவலர் நியமிக்கப்பட்டிருப்பார். உங்கள் தீர்மானத்தைப் பதிவு செய்ய மறுத்தால், அவரிடம் எழுத்தில் கொடுத்துவிட்டு வாருங்கள்.

இங்கே ஒன்றைச் சொல்லாமல் கடந்து போக முடியாது. பல ஊர்களில் கிராம சபை நடக்கும் இடத்தில் யார் பாயில் உட்காருகிறார்கள், யார் ஓரத்தில் நிற்கிறார்கள் என்பதைப் பார்த்தாலே அந்த ஊரின் அரசியல் தெரிந்துவிடும். மேலூர் அருகே மேலவளவில், பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கப்பட்ட ஊராட்சிக்குத் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்ட ஒரே காரணத்துக்காக, 1997இல் முருகேசனும் அவருடன் பயணம் செய்தவர்களும் பேருந்தை மறித்துக் கொல்லப்பட்டார்கள். அதேபோல் ஒதுக்கப்பட்ட பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் ஊராட்சிகளில் 1996 முதல் பத்தாண்டுகள் தேர்தலை முறையாக நடத்த முடியாமல் போய், 2006இல்தான் நடந்தது. ஆகவே மாற்றம் வேண்டும் என்று கூடுகிறவர்கள், முதல் கேள்வியைக் காலனித் தெருவில் உட்கார்ந்து அங்குள்ளவர்களிடம் கேட்டு முடிவு செய்யுங்கள். ஊர்த்தெருவின் கோரிக்கைக்கு மட்டும் அவர்களைக் கூட்டத்துக்கு அழைப்பது, நாம் எதிர்க்கிற அதே ஏற்பாட்டை நாமும் தொடர்வதாகும்.

கிராம சபையில் பதில் கிடைக்காதபோது தகவல் அறியும் உரிமைச் சட்டத்தைக் கையில் எடுக்க வேண்டும். இந்தச் சட்டம் மேலிருந்து அருளப்பட்டதன்று. ராஜஸ்தானில் கூலி குறைக்கப்பட்ட உழவர்களும் தொழிலாளர்களும், பஞ்சாயத்துப் பதிவேடுகளை ஊர் நடுவில் உரக்கப் படிக்கச் செய்த மக்கள் விசாரணைகளை 1994இல் தொடங்கி, 1996இல் பியாவர் நகரில் நாற்பது நாள் உட்கார்ந்து போராடியதிலிருந்து அது பிறந்தது. தமிழ்நாடு 1997லேயே தகவல் சட்டம் ஒன்றை இயற்றியிருந்தாலும், விலக்குகள் மிகுந்த அதனால் பெரிதாகப் பயன் விளையவில்லை; நாடு முழுவதற்குமான சட்டம் 2005 அக்டோபர் 12இல் நடைமுறைக்கு வந்தது.

வெள்ளைத்தாளில், பத்து ரூபாய்க்கு நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி, வட்டார வளர்ச்சி அலுவலகத்தின் பொதுத் தகவல் அலுவலருக்கு எழுதுங்கள். தகவல் வேறு அலுவலகத்தில் இருந்தால், ஐந்து நாட்களுக்குள் அங்கே மாற்றி அனுப்புவது அவருடைய கடமை. எதற்காகக் கேட்கிறீர்கள் என்று சொல்ல வேண்டியதில்லை. "ஏன்" என்று கேட்காமல் "நகல்" என்று கேளுங்கள்: நிருவாக அனுமதி ஆணையின் நகல், மதிப்பீட்டின் நகல், கட்டிய வேலையை அளந்து எழுதிவைக்கும் அளவுப் புத்தகத்தில் அந்தப் பணிக்குரிய பக்கங்களின் நகல். நேரில் வந்து பணியை ஆய்வு செய்யவும் மாதிரி எடுக்கவும்கூடச் சட்டம் இடமளிக்கிறது. எங்கள் வாய்க்காலுக்கு நாங்கள் இப்படித்தான் கேட்டோம். வந்த நகலில் இருந்த நீளத்தை, பள்ளிக்கூடத்திலிருந்து இரவல் வாங்கிய அளவு நாடாவை வைத்து நானும் இரண்டு அக்காமார்களும் அளந்து பார்த்தோம். வேப்பமரத்தடியோடு வாய்க்கால் நின்றுவிட்டது, கணக்கோ அதற்கு அப்பால் ஆறு வீடு தாண்டிப் போயிருந்தது. அடுத்த கூட்டத்தில் அந்த நகலையும் நாடாவையும் எடுத்துக்கொண்டு போனபோது நாங்கள் யாரையும் குற்றம் சாட்டவில்லை, வந்து அளந்து பாருங்கள் என்று மட்டும் கேட்டோம். விடுபட்ட நீளம் நான்கு மாதத்தில் கட்டப்பட்டது.

30 நாட்களில் பதில் வராவிட்டால், அடுத்த 30 நாட்களுக்குள் முதல் மேல்முறையீடும், அதிலும் தீராவிட்டால் 90 நாட்களுக்குள் மாநிலத் தகவல் ஆணையத்துக்கு இரண்டாம் மேல்முறையீடும் செய்யலாம். காலம் கடந்து தரும் தகவலுக்குக் கட்டணம் வாங்கக் கூடாது. தகுந்த காரணமின்றித் தாமதித்த அலுவலருக்கு நாளொன்றுக்கு 250 ரூபாய் வீதம் 25,000 வரை ஆணையம் அபராதம் விதிக்கலாம். ஆணையத்தில் காத்திருப்பு மாதக்கணக்கில் நீளும் என்பதால், ஒரே கேள்வியை மூன்று நான்கு பேர் தனித்தனியாக அனுப்புங்கள். பாதுகாப்புக்கும் அதுவே நல்லது: ஒருவரை மிரட்டுவது எளிது, நான்கு வீட்டை மிரட்டுவது கடினம்.

ஊரைத் தாண்டிய பெரிய முடிவுகளுக்கு இது போதுமா என்று கேட்டால், தீர்மானம் மட்டும் போதாது என்பதை ஒளிக்காமல் சொல்ல வேண்டும். பரந்தூர் விமான நிலையத் திட்டத்துக்கு எதிராக ஏகனாபுரம் மக்கள் 2022 முதல் கிராம சபை தோறும் தீர்மானம் போட்டும், அரசு திட்டத்தை முன்னெடுத்துச் சென்றது. அரிட்டாபட்டிப் பகுதியில் டங்ஸ்டன் சுரங்கத்துக்கு ஏலம் விடப்பட்டபோதும் ஊர்கள் தீர்மானம் போட்டன. ஆனால் அவற்றோடு நிற்காமல், மேலூர் வட்டாரத்து ஊர்கள் பலவும் சேர்ந்து 2025 ஜனவரியில் மதுரை வரை திரண்டு சென்றன, அதற்கு முன்பே சட்டமன்றமும் தீர்மானம் நிறைவேற்றியிருந்தது, அப்பகுதி 2022இல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்டிருந்ததும் கைகொடுத்தது. அந்த மாதமே மத்திய அரசு ஏலத்தை ரத்து செய்தது. பெரிய கேள்விக்கு ஒரு ஊர் போதாது. பக்கத்து ஊரின் தீர்மானத்தையும், சட்டமன்றத்தில் எழுந்து பேச ஒருவரையும், சட்டத்தில் ஊன்றி நிற்க ஓரிடத்தையும் சேர்த்தே தேட வேண்டும்.

இவ்வளவும் செய்து இரண்டு மூன்று ஆண்டுகள் ஆனபின், உங்களுள் ஒருவர் தேர்தலில் நிற்க வேண்டிய வேளை வரும். கிராம ஊராட்சி உறுப்பினர், தலைவர் பதவிகளுக்குத் தேர்தல் கட்சிச் சின்னம் இல்லாமல்தான் நடக்கிறது. 21 வயது நிறைந்திருக்க வேண்டும். பாதி இடங்கள் பெண்களுக்கானவை. பதிவேட்டைப் படிக்கப் பழகிய, கூட்டத்தில் எழுந்து கேட்ட அக்காமார்களில் ஒருவரை நிறுத்துங்கள், அவருடைய கணவரையோ அண்ணனையோ அல்ல. தேர்தல் அறிவிப்பு வரும்வரை காத்திராமல், உள்ளாட்சி வாக்காளர் பட்டியலை இப்போதே வாங்கி, உங்கள் வார்டில் விடுபட்டவர்கள் யார் யார், அடுத்த வார்டில் தவறிச் சேர்க்கப்பட்டவர்கள் யார் யார் என்று வீடு வீடாகச் சரிபார்க்கத் தொடங்குங்கள்.