கண்ணுக்குத் தெரியறத வச்சு கர்த்தர எடை போடாம இருக்க

கஷ்டம் வந்தா உடனே "தேவன் என்னை கைவிட்டுட்டார்"னு மனசு முடிவு கட்டிடும், அத அப்படியே நம்பாதீங்க, முதல்ல ஒரு பேப்பர்ல நடந்தது ஒரு பக்கம், அதுக்கு நீங்களா குடுத்த அர்த்தம் இன்னொரு பக்கம்னு எழுதுங்க.

அப்புறம் பைபிள்ல லூக்கா 24-ம் அதிகாரத்த மெதுவா வாசிங்க. எம்மாவுங்கற கிராமத்துக்குப் போன ரெண்டு சீஷரும், சிலுவையில மரிச்சு உயிர்த்தெழுந்த இயேசுவோடயே நடந்தும் அவர அடையாளம் தெரியல, இஸ்ரவேல மீட்பார்னு நம்பியிருந்தோமேன்னு அவர்கிட்டயே புலம்புறாங்க! அவர் மோசேல ஆரம்பிச்சு வேதத்த விளக்குனார், அப்பம் பிட்டப்பதான் அவங்க கண்ணு திறந்துச்சு. அதனால நீங்க எழுதுன அர்த்தத்த ஒத்த வசனத்தோட இல்ல, முழு அதிகாரத்தோட வச்சுப் பாருங்க.

வியாதின்னாலே பாவம்தான்னு யாராவது சொன்னா யோவான் 9:3 காட்டுங்க, பிறவிக் குருடன் ஒருத்தனப் பத்தி 'இது இவன் செஞ்ச பாவமும் இல்ல, இவனப் பெத்தவங்க செஞ்ச பாவமும் இல்ல'ன்னு இயேசு அதுல சொல்றார், எத்தனை பேர இந்தப் பேச்சு நொறுக்கியிருக்கு.

விசுவாசத்துல முதிர்ந்த ஒருத்தர்கிட்டயும் அந்த பேப்பர காட்டி சேர்ந்து ஜெபம் பண்ணுங்க.