வன்னியில் திருச்சபை வளாகம் கட்டுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

திருச்சபையொன்று வடஇலங்கையின் வன்னியில் உயர்கல்வி வளாகம் எழுப்ப முடிவெடுத்தால், வரைபடம் பெரும்பாலும் யாழ்ப்பாணத்திலிருந்தோ கொழும்பிலிருந்தோ வந்துவிடும். முதல் தவறு அதுதான். 1823இல் அமெரிக்க மிசனரிமார் செமினரி தொடங்கிய யாழ்ப்பாணத்து வட்டுக்கோட்டை சுண்ணக்கல்லின் மேல் கிடக்கிறது. வன்னியின் உட்பகுதியில் செம்மண்ணும் அதன் கீழே கரும்பாறையும். மன்னார் மாவட்டத்து முருங்கன் பக்கம் போனால் கருங்களி, முல்லைத்தீவுக் கரையில் உவர் கலந்த மணல். இவற்றுக்கெல்லாம் ஒரே அத்திவாரமும் ஒரே மலக்குழியும் சரிவராது.

காணியை ஒரு தடவை பார்த்துவிட்டு அளவெடுப்பது அடுத்த பிழை. மாரியில் ஒரு தடவை, புரட்டாதியில் ஒரு தடவை பார்க்க வேண்டும். 2018 டிசம்பரில் கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்களை வெள்ளம் மூடியபோது அந்தக் காணியில் தண்ணீர் எதுவரை நின்றது என்று பக்கத்து வீட்டாரிடம் கேளுங்கள். மரத்திலோ மதிலிலோ கை வைத்துக் காட்டுவார்கள். அந்த மட்டத்திலிருந்து இரண்டடியாவது உயர்த்தித்தான் தரை வரவேண்டும். அத்துடன், கண்ணிவெடி அகற்றி விடுவிக்கப்பட்டதற்கான கடிதம் கையில் இல்லாமல் ஒரு கிடங்குகூடத் தோண்டக்கூடாது. கடிதம் இருந்தும் சந்தேகமான பொருள் ஏதும் தென்பட்டால் தொடாமல், ஆட்களை விலக்கிவிட்டுப் பொலிசுக்கு அறிவிக்க வேண்டும்.

மூடிய பதுங்குகுழிகளையும் தூர்ந்த கிணறுகளையும் பலர் கணக்கில் எடுப்பதில்லை. மேலே புல் முளைத்திருக்கும், பார்வைக்கு நல்ல தரைதான். அதன்மேல் சுவர் ஏறினால் இரண்டாவது மாரியில் சன்னல் மூலையிலிருந்து சரிவாக வெடிப்பு ஓடும். கட்டடம் வரும் இடத்தில் நான்கு மூலையிலும் நடுவிலும் ஆறடி ஆழத்துக்குச் சோதனைக் கிடங்கு வெட்டிப் பாருங்கள். மண்ணோடு சாக்குத்துணி, தகடு, பனங்குற்றித் துண்டு ஏதும் வந்தால் அது நிரப்பிய மண். அத்திவாரம் அதையும் தாண்டி இறங்க வேண்டும். முருங்கன் களியின் சிக்கல் வேறு. மழைக்கு ஊதும், வெயிலுக்குச் சுருங்கி வெடிக்கும். அங்கே மேலோட்டமான கல் அத்திவாரம் நிற்காது. ஆழமாக இறக்கி, மேலே கம்பி போட்ட கொங்கிறீற் பட்டி கட்டடத்தைச் சுற்றி ஓட வேண்டும். கூரைப் பீலித் தண்ணீர் சுவரடியில் விழாமல் தள்ளிப் போக வேண்டும்.

தண்ணீர் விடயத்தில் கொஞ்சம் நின்று பேசலாம், ஏனெனில் வளாகங்கள் முடங்குவது பெரும்பாலும் இதில்தான். தை மாதம் கிணறு நிரம்பிக் கிடக்கும்போது பார்த்துவிட்டு நூறு பேருக்கு விடுதி கட்டத் தீர்மானிப்பார்கள். தலைக்கு 100 லீற்றர் என்று வைத்தால் நாளொன்றுக்கு 10,000 லீற்றர். மணிக்கு 1,000 லீற்றர் ஊறும் குழாய்க்கிணறு என்றாலும் பத்து மணித்தியாலம் பம்பி ஓட வேண்டும். ஆவணி, புரட்டாதியில் அந்த ஊற்றுக் கிடைக்குமா என்பதுதான் கேள்வி. அந்த மாதத்தில் ஒரு நாள் முழுக்க இறைத்து, மட்டம் எவ்வளவு இறங்குகிறது, நிறுத்தியபின் எவ்வளவு நேரத்தில் ஏறுகிறது என்று குறித்த பிறகே மாணவர் தொகையைத் தீர்மானியுங்கள்.

அதே தண்ணீரை ஆய்வுகூடத்துக்கும் அனுப்புங்கள். கடினத்தன்மை, புளோரைட், நைத்திரேற்று மூன்றும் அறிக்கையில் இருக்க வேண்டும். சிறுநீரக நோய் பரவலாக உள்ள வவுனியாப் பக்கத்தில் இதில் சாட்டுச் சொல்ல இடமில்லை. கொதிக்க வைத்தால் கிருமி சாகும், புளோரைட் போகாது. ஆர்.ஓ. இயந்திரம் (சவ்வு வழியே உப்பை வடிக்கும் கருவி) வைத்தால் கழிவுத் தண்ணீர் எங்கே போகும் என்பதை வரைபடத்திலேயே காட்ட வேண்டும். அது குடிக்கும் கிணற்றுப் பக்கம் போகக்கூடாது.

குடிப்பதற்கும் சமையலுக்கும் மழைநீர் இருக்கிறது. 300 சதுர மீற்றர் கூரையில் ஆண்டுக்கு 1,000 மி.மீ. மழை விழுந்து, அதில் 80 வீதத்தைப் பிடித்தால் 240,000 லீற்றர். நூறு பேருக்குத் தலைக்கு 6 லீற்றர் வீதம் 120 நாள் வறட்சிக்கு 72,000 லீற்றர் போதும். தொட்டியை அந்தளவுக்குக் கட்டாமல் 5,000 லீற்றர் பிளாஸ்ரிக் தாங்கி ஒன்றை வைத்துவிட்டு ‘மழைநீர் சேகரிப்பு’ என்று பலகை மாட்டுவது வெறும் அலங்காரம். முதல் மழையின் அழுக்கை வெளியே விடும் வால்வும், தாங்கி வாயில் நுளம்பு வலையும் கட்டாயம். பழைய அஸ்பெஸ்ரஸ் கூரைத் தண்ணீரைக் குடிக்க எடுக்காதீர்கள்.

மலக்குழி கிணற்றிலிருந்து 30 மீற்றர் தள்ளியிருக்க வேண்டும், குழியின் அடி மாரிகால நீர்மட்டத்துக்கு 1.5 மீற்றர் மேலே நிற்க வேண்டும். இரண்டாவது நிபந்தனையைத்தான் பலரும் மறந்துவிடுகிறார்கள். கோடையில் வெட்டிய குழி கார்த்திகையில் நிரம்பி, கழிப்பறைக் கிண்ணம் வழியே திரும்பி வரும்.

சிற்றாலயத்துக்கு வருவோம். பலிபீடம் கிழக்கே, வாசல் மேற்கே என்ற வழக்கம் வன்னி வெயிலுக்கும் பொருந்தும்: நீளச் சுவர்கள் வடக்கும் தெற்குமாக அமைவதால் உள்ளே சூடு குறையும். ஆனால் மாலை ஆராதனையில் வாசல் வழியே வரும் வெயில் பிரசங்கியாரின் கண்ணில் நேரே குத்தும். முன்னே பத்தடி ஆழமான முகமண்டபம் இருந்தால் பெருமளவு குறையும். வடக்குச் சன்னல்களுக்கு அகலமான மழைத்தடுப்பு வேண்டும், வாடை மழை அந்தப் பக்கந்தான் அடிக்கும். தகரக் கூரையின் கீழ் சீலிங் இல்லாவிட்டால் ஒளிவிழாவன்று (நத்தார்கால விழா) மழைச் சத்தத்தில் ஒரு வசனமும் கேட்காது. ஒளிவிழா மாரியில்தான் வரும் என்று தெரிந்தும் திறந்தவெளி மேடைக்குப் பணம் இறைக்கிறார்கள்! எதிரொலி இருந்தால் ஒலிபெருக்கியைக் கூட்டுவது தீர்வாகாது. பின்சுவரில் தடித்த திரையோ மரச்சட்டமோ போட்டு, சிறிய ஒலிபெருக்கிகளைப் பக்கச் சுவர்களில் சற்றுக் கீழ்நோக்கி வையுங்கள். மணிக்கூண்டுதான் வளாகத்தில் உயர்ந்தது என்பதால் இடிதாங்கி அதன் உச்சியில் வரவேண்டும். நிலத்தொடுப்பின் தடை 10 ஓமுக்கு மேல் போகாமல் வரண்ட காலத்திலேயே அளந்து பாருங்கள்.

விடுதியில் நடுவே நடைபாதை, இருபக்கமும் அறை என்பது கொழும்புப் பழக்கம். அறைக்குள் காற்று குறுக்கே ஓடாது, குளிரூட்டி இல்லாமல் படுக்க முடியாது. ஒருபக்க விறாந்தையும் எதிர்ச்சுவரில் சன்னலும் போதும். மலசலகூடக் கணக்கை ஞாயிற்றுக்கிழமைக் காலையை வைத்துப் போடுங்கள், ஆராதனைக்கு முன் எல்லோரும் ஒரே நேரத்தில் குளிப்பார்கள். பத்துப் பேருக்கு ஒன்றாவது வேண்டும். சமையலறைக் கழிவுக் குழியை விடுதியோடு ஒட்டி வைத்தால், காட்டோரக் காணிகளில் இரவில் யானை வந்து நிற்கும். வாழை நட்டாலும் அப்படித்தான்.

சாய்வுதளத்தைப் பின்னர் ஒட்டிவிடலாம் என்று விடுவது வன்னியில் மன்னிக்க முடியாதது. போரில் கால் இழந்தவர்கள் இங்கே வகுப்பிலும் இருப்பார்கள், ஆலயத்திலும் இருப்பார்கள். மாற்றுத்திறனாளிகளுக்கான அணுகல் வசதி ஒழுங்குவிதிகள் 2006இலேயே வந்துவிட்டன. ஓரடி உயரத்துக்குப் பன்னிரண்டடி நீளம் வேண்டும். ஆறங்குலப் படி மூன்று என்றால் பதினெட்டடி. பெரும்பாலும் ஆறடிக்குள் அடக்கிவிடுகிறார்கள், சக்கரநாற்காலியை ஒருவர் தள்ளி ஏற்ற முடியாது.

கொங்கிறீற் பற்றி இரண்டே வார்த்தை. சோளகம் (தென்மேற்குக் காற்று) வீசும் மாதத்தில் போட்ட தட்டை நனைத்த சாக்கால் மூடி ஏழு நாளாவது ஈரமாக வைத்திருங்கள், இல்லாவிட்டால் மேற்பரப்பு மயிர்வெடிப்பாகும். கரையோரத்தில் கழுவாத கடல்மணலும் உவர்க்கிணற்றுத் தண்ணீரும் கம்பியைத் துருப்பிடிக்கச் செய்து, சில ஆண்டுகளில் கொங்கிறீற்றை உரித்துவிடும். 2020 டிசம்பரில் புரெவி புயல் வடகிழக்குக் கரையைக் கடந்தது. கூரைச் சட்டங்களைச் சுவரோடு போல்ற் போட்டுப் பிணைக்காமல் ஆணியை நம்பியிருப்பது சரியல்ல.

நூலகத்தில் தரைக் கொங்கிறீற் போடுமுன் கறையான் மருந்து அடியுங்கள், அலுமாரிகளைச் சுவரிலிருந்து மூன்றங்குலம் தள்ளி வையுங்கள். கடைசியாக, நிலத்தடிக் குழாயையும் மின்கம்பியையும் மண் போட்டு மூடுமுன், அளவுநாடாவைப் பக்கத்தில் நீட்டி வைத்துப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். அந்தப் படங்களோடு ஒவ்வொரு வால்வின் இடத்தையும் குறித்த வரைபடம் ஒன்று அலுவலகத்திலும் இன்னொன்று பம்பி அறைச் சுவரிலும் இருக்க வேண்டும்.