கல்லுல இல்ல, தோல்பட்டைலதான் தப்பு

தாத்தா வச்சிருந்த மடக்குச் சவரக்கத்திய எடுத்து ஷேவ் பண்ண ஆரம்பிச்சு ரெண்டு வாரம் மூஞ்சி பூரா எரிச்சல், தாடைக்குக் கீழ ரெண்டு கீறல் வேற. முடிய வெட்டாம புடிச்சு இழுத்துச்சு. கூர் பத்தலன்னு 8000 கிரிட் கல்லுல, அதாவது ரொம்ப நைசான தீட்டுக்கல்லுல, தீட்டுனேன், அன்னைக்கு சூப்பரா இருந்துச்சு, மறுநாள் திரும்ப அதே கதை. அப்புறந்தான் புரிஞ்சுது, கல்லுல ஏத்துன கூர நானே தோல்பட்டைல (ஷேவுக்கு முன்னாடி கத்தியத் தேய்க்குற தோல் வார்) கெடுத்துட்டு இருந்திருக்கேன்.

பட்டைய தொளதொளன்னு புடிச்சுக்கிட்டு, திருப்பும்போது கத்தி முதுக வேற தூக்கியிருக்கேன், அதுலதான் கத்தியோட வாய், அதாவது வெட்டுற விளிம்பு, மடங்கிருச்சு. இன்னொரு தடவ கல்லுல போட்டுட்டு, இப்ப பட்டைய விறைப்பா இழுத்துப் புடிச்சு, முதுகு முன்னால போக வாய் பின்னால வர்ற மாதிரி ஒரு 40 தடவ தேய்க்குறேன், கத்தியோட எடையே போதும், அழுத்தவே கூடாது. திருப்புறப்பவும் முதுகு மேலயே உருட்டணும்.

ஷேவ்ல சுமாரா 30 டிகிரி சாய்வு, இன்னொரு கையால தோல இழுத்துப் புடிச்சு முடி வளர்ற பக்கமாவே இறக்குறேன். மேலுதடு மட்டும் இன்னும் பயம், அங்க பழைய ரேசர்தான். முடிச்சதும் படிகாரத்த நனைச்சு தடவுனா எங்க அழுத்துனேன்னு சுரீர்னு காட்டிக்குடுத்துரும்.