பழைய மடிக்கணினி மந்தமானால் முதலில் பார்க்கவேண்டியது

மடிக்கணினி மந்தமாகிவிட்டது என்று புதியதொன்றை வாங்கக் கிளம்புவதற்கு முன்னர், அதனுள் கோப்புகளைச் சேமித்து வைப்பது சுழலும் வன்தட்டா, எஸ்.எஸ்.டி. எனப்படும் சில்லுச் சேமிப்பகமா என்று பார்த்துக்கொள்ளுங்கள். பெரும்பாலான மடிக்கணினி வன்தட்டுகள் நிமிடத்துக்கு 5,400 அல்லது 7,200 தடவை சுழல, அவற்றின் வாசிப்பு முனை தட்டைத் தொடாமல் மயிரிழையிலும் குறைந்த இடைவெளியில் மிதந்து செல்கிறது. ஆகவே, அணைக்காத கணினியைப் பையில் திணித்துக்கொண்டு வன்னியின் கிரவல் வீதிகளில் மோட்டார் சைக்கிளில் செல்வது, தட்டைக் கீறித் தரவுகளை அழித்துவிடக்கூடும். அசையும் பாகங்கள் அற்ற எஸ்.எஸ்.டி. குலுக்கத்தைத் தாங்குவதோடு பன்மடங்கு வேகமாகவும் இயங்கும். வன்தட்டைக் கழற்றிவிட்டு எஸ்.எஸ்.டி. பொருத்துவதே பழைய கணினிக்குச் செய்யக்கூடிய மிகப் பயனுள்ள செலவு என்பது என் கருத்து. ரேமை (கணினி இயங்கும்போது பயன்படுத்தும் தற்காலிக நினைவகத்தை) அதிகரிப்பது, அது 4 ஜிபி அளவிலேயே இருந்தால் மட்டும், அடுத்த வேலை.

(500 ஜிபி என்று வாங்கியது திரையில் ஏறத்தாழ 465 எனக் காட்டினால் கடைக்காரருடன் சண்டைக்குப் போகவேண்டாம்: ஒரு கேபி என்பதைத் தயாரிப்பாளர் 1,000 பைட்டாகவும், விண்டோஸ் 1,024 பைட்டாகவும் கணக்கிடுகின்றன.)

ஒரு எச்சரிக்கை: எஸ்.எஸ்.டி.யில் அழித்த கோப்புகளை மீட்பது பெரும்பாலும் இயலாது. எனவே கழற்றிய பழைய வன்தட்டு பழுதின்றி இருப்பின், அதனை யூ.எஸ்.பி. உறையொன்றில் இட்டு, பிள்ளைகளின் சான்றிதழ்கள், காணி உறுதிகளின் பிரதிகள் ஆகியவற்றை அதிலும் சேமித்து, புழுதி படாத அலுமாரியில் வையுங்கள்.