மைக்கேல் ஸ்டைப்பைத் தலைகீழாகக் கேளுங்கள்

அமெரிக்க ராக் இசைக்குழுவான ஆர்.இ.எம்.மின் முதல் ஆல்பத்திலிருந்து வரிசையாகக் கேட்பதுதான் முறை என்று தோன்றும். அப்படித் தொடங்கினால் பாதியிலேயே அலுத்துவிடும். 1983இல் வந்த ‘மர்மர்’ ஆல்பத்தில் பாடகர் மைக்கேல் ஸ்டைப் என்ன பாடுகிறார் என்பது ஆங்கிலத்திலேயே பிறந்து வளர்ந்தவர்களுக்கும் பிடிபடாது. ஆல்பத்தின் பெயருக்கே முணுமுணுப்பு என்றுதான் பொருள். அதனால் 1992, 1986, 1983 என்று பின்னோக்கிப் போங்கள்.

முதலில் ‘ஆட்டோமேட்டிக் ஃபார் தி பீப்பிள்’ (1992). 12 பாட்டு, ஏறக்குறைய 49 நிமிடம். ஷஃபிளை அணைத்துவிட்டு ஒரே மூச்சில் கேளுங்கள். போன் ஸ்பீக்கர் வேண்டாம், சாதாரண இயர்போன் போதும். ஸ்பீக்கரில் குழுவின் பேஸ் கிடார் கலைஞர் மைக் மில்ஸின் பின்னணிக் குரல் காணாமல்போகும். லெட் செப்பெலின் ராக் குழுவின் ஜான் பால் ஜோன்ஸ் நான்கு பாட்டுகளுக்கு அமைத்துக் கொடுத்த வயலின், செல்லோ அடுக்குகளும் மங்கிவிடும். இழப்பையும் சாவையும் சுற்றிவரும் ஆல்பம் இது. ‘எவ்ரிபடி ஹர்ட்ஸ்’ பதின்வயதினரை மனதில் வைத்து எழுதப்பட்டதால் அதன் சொற்கள் வெகு எளிமை. ஸ்டைப்பிடம் அது அபூர்வம்.

அடுத்து ‘லைஃப்ஸ் ரிச் பேஜண்ட்’ (1986). தயாரிப்பாளர் டான் கேமன் சொற்களைத் தெளிவாக உச்சரிக்கச் சொல்லி ஸ்டைப்பை வற்புறுத்திய ஆல்பம். இதன் முதல் பாட்டையும் ‘மர்மர்’ ஆல்பத்தின் முதல் பாட்டையும் வால்யூமை மாற்றாமல் அடுத்தடுத்துப் போடுங்கள். பழையதில் பீட்டர் பக்கின் கிடாருக்குள் குரல் புதைந்திருக்கும், புதியதில் முன்னால் வந்து நிற்கும். ஸ்டைப்பின் வளர்ச்சியைப் புரியவைக்க இந்த ஏழெட்டு நிமிடம் போதும்.

இப்போது ‘மர்மர்’. முதல் முறை சொற்களைத் தேடாதீர்கள். எந்த உயிரெழுத்தை இழுக்கிறார், எங்கே மூச்சு விடுகிறார் என்று மட்டும் கவனியுங்கள். இரண்டாம் முறை, காதில் விழுவதை ஒரு தாளில் எழுதுங்கள். பாடல்வரித் தளங்களைத் திறக்கவே வேண்டாம். 1988இல் ‘கிரீன்’ ஆல்பத்தில் ஒரே ஒரு பாட்டின் வரிகள் அச்சாயின. ஒரு முழு ஆல்பத்தின் வரிகளை இந்தக் குழு அச்சிட்டது 1998இல் ‘அப்’ வந்தபோதுதான். ஆக, பழைய பாட்டுகளுக்கு இணையத்தில் கிடைக்கும் வரிகளில் பெரும்பகுதி யாரோ ஒருவரின் காது ஊகம். உங்கள் ஊகம் அதற்குக் குறைந்ததல்ல.

பொருள் கொள்வதில் இரண்டு இடங்களில் சறுக்கும். ‘லூசிங் மை ரிலிஜியன்’ (1991) மதத்தைப் பற்றியதல்ல. அமெரிக்கத் தென்மாநிலப் பேச்சில் அந்தத் தொடருக்குப் பொறுமை எல்லை மீறுவது என்று பொருள். பாட்டு சொல்வது ஒருதலையான ஏக்கத்தை. ‘தி ஒன் ஐ லவ்’ (1987) பாட்டைத் தலைப்பை நம்பிக் காதலிக்கு அனுப்பிவிடாதீர்கள். ஆளைப் பயன்படுத்திவிட்டுத் தள்ளும் கொடூரம் அது.

இன்னொன்று, பாட்டுகளை ஸ்டைப்பின் தனிப்படைப்பாக எண்ணக்கூடாது. சொற்கள் பெரும்பாலும் அவருடையவை, ஆனால் டிரம்மர் பில் பெர்ரி 1997இல் விலகும்வரை, குழு எழுதிய பாட்டுகளில் நால்வர் பெயரும் சமமாகவே இருக்கும்.

ஸ்டைப்பின் தாக்கத்தை அறிய ரேடியோஹெட் என்ற ஆங்கில ராக் குழுவுக்கு வாருங்கள். 1995இல் அவர்கள் ஆர்.இ.எம். கச்சேரிகளுக்கு முன்னால் வாசித்தார்கள். சுற்றுப்பயண நெருக்கடியைத் தாங்க ஸ்டைப் சொன்ன யோசனையை ரேடியோஹெட் பாடகர் தாம் யார்க் 2000இல் ‘ஹவ் டு டிஸப்பியர் கம்ப்ளீட்லி’ பாட்டுக்குள் வைத்தார். அதன் கடைசிப் பகுதியில் சொற்கள் ஓய்ந்து, வயலின்களுக்கு நடுவே வெறும் குரல் மட்டும் மிதக்கும். அது முடிந்த கையோடு ‘மர்மர்’ ஆல்பத்தை மறுபடி போடுங்கள்.